ஈத்தூண்டில்: தொடங்குபவர்களுக்கான கையேடுகளின் வரலாறு

ஈத்தூண்டில் மீன்பிடிப்பு என்பது இறகு, கம்பளி, விலங்கு முடி, பட்டுநூல் ஆகியவற்றைத் தூண்டில் முள்ளில் சுற்றிச் செய்த போலிப் பூச்சியைக் கொண்டு மீன் பிடிக்கும் முறையாகும். ஃபிளை ஃபிஷிங் என்ற ஆங்கிலப் பெயராலும் இது அறியப்படுகிறது. ட்ரவுட், சால்மன், கிரேலிங் முதலிய குளிர்நீர் மீன்களைப் பிடிப்பதற்காக வளர்ந்த இம்முறை, இன்று வெப்பநாட்டு ஆறுகளிலும் கடலிலும் கூடப் பயன்படுகிறது.

மீன்பிடிப்பைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல்களில் ஈத்தூண்டிலுக்குத் தனி அலமாரியே தேவைப்படும். அவற்றில் பெரும்பகுதி புதிதாகத் தொடங்குபவரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அவற்றை வரிசையாகப் படிப்பவருக்கு ஒன்று புலப்படும். ஒவ்வொரு கையேடும் இக்கலைக்கு ஒரு கதவைத் திறக்கிறது. அந்தக் கதவு வழியாக யார் நுழையலாம் என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறது. இக்கட்டுரை அந்தக் கதவுகளின் வரலாற்றைக் கூறுகிறது.

எறிய முடியாததை எறிதல்

நம் ஊர்க் குளத்தங்கரையில் தூண்டில் போடுபவருக்கு எறிவது ஒரு சிக்கலே அல்ல. முள்ளில் மண்புழு, அதற்குச் சற்று மேலே ஈயக்குண்டு, அதற்கும் மேலே தக்கை. எடை முன்னே பறந்து நரம்பை இழுத்துக்கொண்டு போகும். போலிப் பூச்சியில் இது நடக்காது. சிறிய போலிப் பூச்சியின் எடை ஒரு கிராமுக்கும் குறைவு. ஒரு கோழி இறகைக் கையில் எடுத்து எறிந்து பார்த்தால் சிக்கல் விளங்கிவிடும்.

எனவே இம்முறையில் எடை நூலுக்கு மாற்றப்படுகிறது. தடித்த, கனமான நூலே எறியப்படுகிறது. பூச்சி அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு போகிறது. கோலைப் பின்னே வீசும்போது நூல் முதுகுக்குப் பின்னால் விரிந்து நீள வேண்டும். நீண்டு முடிந்த கணத்தில் கோலை முன்னே கொண்டுவந்தால், நூலின் எடை கோலை வில்லைப் போல வளைக்கும். கோல் நிமிரும்போது நூல் முன்னே பாயும். தொடங்குபவர் பெரும்பாலும் நூல் பின்னே விரிவதற்குள் அவசரப்பட்டு முன்னே வீசிவிடுவார். நூல் சாட்டையைப் போலச் சொடுக்கும். நுனியில் இருந்த பூச்சி அறுந்து எங்கோ போய் விழும். பலத்தைக் கூட்டினால் நிலைமை மோசமாகுமே தவிரச் சீராகாது.

வீச்சு கைவந்த பின்னும் நீரோட்டம் காத்திருக்கிறது. ஓடையின் நடுவில் ஓட்டம் வேகமாகவும் கரையோரம் மெதுவாகவும் இருக்கும். நூல் வேகமான ஓட்டத்திலும் பூச்சி மெதுவான ஓட்டத்திலும் விழுந்தால், நூல் பூச்சியைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும். உண்மையான பூச்சி ஓட்டத்தோடு மிதந்து வருமே அல்லாமல் குறுக்கே ஓடாது. ட்ரவுட் அந்த வேறுபாட்டைக் கண்டு விலகிவிடும். வீச்சு, இழுப்பு என்ற இந்த இரண்டும் ஏட்டில் படித்து வருவன அல்ல. ஆனாலும் நூல் எழுதியவர்கள் ஓயவில்லை.

மாசிடோனியாவின் சிவப்புக் கம்பளி

போலிப் பூச்சியைக் கொண்டு மீன் பிடிப்பதைப் பற்றிய தெளிவான பழைய குறிப்பு, கி.பி. 200 அளவில் ரோமானிய எழுத்தாளர் ஏலியன் கிரேக்க மொழியில் எழுதிய விலங்குகளின் இயல்பு பற்றிய நூலில் உள்ளது. மாசிடோனியாவில் அஸ்ட்ரேயஸ் என்ற ஆற்றில் புள்ளிகள் உடைய மீன்கள் வாழ்வதாகவும், அவை நீர்மேல் பறக்கும் ஒருவகைப் பூச்சியைத் தின்பதாகவும் அவர் கூறுகிறார். அந்தப் பூச்சியைக் கையால் தொட்டாலே நிறம் மங்கிச் சிறகு வாடிவிடும் என்பதால், மீனவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இறகுகள் இரண்டைப் பொருத்தினர். கோல் ஆறடி, நூலும் ஆறடி. இது எவருக்கும் கற்பிப்பதற்காக எழுதப்பட்டதன்று. கேள்விப்பட்ட வியப்பைப் பதிவு செய்ததே. அந்த மீனவர்களின் பெயரும் அவர்கள் தம் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பித்தார்கள் என்பதும் பதிவாகவில்லை.

1496: முதல் அச்சுக் கையேடு

ஆங்கிலத்தில் அச்சான முதல் தூண்டில் நூல், 1496-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் டி வோர்ட் என்ற அச்சாளர் வெளியிட்ட தொகுப்பில் இடம்பெற்றது. கேக்ஸ்டனின் அச்சகத்தை அவருக்குப் பின் நடத்தியவர் இவர். வேட்டை, வல்லூறு வளர்ப்பு, குலச்சின்னங்கள் ஆகியவை பற்றிய பெரிய நூலோடு இந்தச் சிறு நூலையும் அவர் சேர்த்தார். சோப்வெல் கன்னிமடத்தின் தலைவி ஜூலியானா பெர்னர்ஸ் இதை எழுதியதாக நெடுங்காலம் நம்பப்பட்டது. அதற்கு உறுதியான சான்று இல்லை என்பதே இன்றைய ஆய்வாளர்களின் கருத்து.

கடையில் எதுவும் கிடைக்காத காலத்துத் தொடக்கக்காரருக்கான நூல் இது. தையல் ஊசியைக் கரிநெருப்பில் பழுக்கக் காய்ச்சி, கத்தியால் எதிர்முள் எழுப்பி, மீண்டும் காய்ச்சி வளைத்துத் தூண்டில் முள் செய்யும் முறை இதில் உண்டு. வெள்ளைக் குதிரையின் வால்முடியை முறுக்கி நூலாக்கவும், நீரின் நிறத்துக்கும் பருவத்துக்கும் ஏற்பச் சாயம் ஏற்றவும் இது கற்பிக்கிறது. எந்த மீனுக்கு எத்தனை முடி வேண்டும் என்ற கணக்கும் உண்டு, சால்மனுக்குப் பதினைந்து. போலிப் பூச்சிகள் பன்னிரண்டும் அவை பயன்படும் மாதங்களோடு விவரிக்கப்படுகின்றன. பின்வந்த நூற்றாண்டுகளில் பலரும் இப்பட்டியலையே எடுத்தாண்டனர்.

கோல் செய்யும் பகுதி சுவையானது. அடிக்கோலைக் குடைந்து, நுனிக்கோலை அதற்குள் செருகிவிட்டால் அது கைத்தடி போலத் தோன்றும். எதற்காகப் போகிறீர்கள் என்று எவருக்கும் தெரியாது என்கிறது நூல். பிறர் வேலியை உடைக்காதே, திறந்த படலை மூடிவிட்டுப் போ, தேவைக்கு மேல் பிடிக்காதே, ஏழையின் நீரில் அவன் இசைவின்றி மீன் பிடிக்காதே என்ற அறிவுரைகளும் உண்டு.

நூலின் முடிவில் வரும் ஒரு விளக்கம் முக்கியமானது. இதைத் தனிச் சிறுநூலாக அச்சிட்டால் விலை மலிந்து வேலையற்ற சோம்பேறிகள் கைக்கெல்லாம் போய்விடும், அவர்கள் அளவின்றி மீன் பிடித்து இக்கலையையே அழித்துவிடுவார்கள், எனவேதான் உயர்குடியினர் வாங்கும் பெரிய நூலோடு சேர்க்கப்பட்டது என்கிறது அது. வேலைநாளை நம்பி வாழ்ந்த ஒருவருக்கும் மீன்பிடி ஓய்வு தேவைப்பட்டிருக்கலாம் என்பது அச்சாளருக்குத் தோன்றவில்லை. முதல் கையேடே தன்னை யார் படிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டுதான் வெளிவந்தது.

வால்டனும் காட்டனும்

ஐசக் வால்டனின் 'தி கம்ப்ளீட் ஆங்லர்' 1653-இல் வெளியானது. தூண்டில் இலக்கியத்தில் இதற்கு இணையான புகழ் வேறு எந்த நூலுக்கும் இல்லை. ஆனால் வால்டன் பெரும்பாலும் புழு, தவளை முதலிய உயிர் இரையைப் பயன்படுத்தியவர். ஈத்தூண்டில் பற்றி அவர் எழுதியதில் பெரும்பகுதி, 1651-இல் நூல் வெளியிட்ட தாமஸ் பார்க்கரிடமிருந்து வந்தது. பார்க்கர் தொழிலால் சமையற்காரர்.

குறையை நிரப்பியவர் வால்டனின் இளைய நண்பர் சார்லஸ் காட்டன். 1676-இல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு அவர் இரண்டாம் பாகம் எழுதினார். அப்போது வால்டனுக்கு வயது 80-ஐக் கடந்திருந்தது. டெர்பிஷயரில் டவ் ஆற்றங்கரையில் வாழ்ந்த காட்டன், தெளிந்த நீரில் மெல்லிய நூலால் தொலைவிலிருந்து வீச வேண்டும் என்று வற்புறுத்தினார். முள்ளுக்கு அருகே இரண்டு குதிரைமுடி போதும். அதைக் கொண்டு 20 அங்குல ட்ரவுட்டைப் பிடிக்கத் தெரியாதவன் தூண்டில்காரனே அல்ல என்பது அவர் துணிபு. நூல் உரையாடல் வடிவில் அமைந்தது. கற்க வந்த பயணி, லண்டனில் செய்த தடித்த போலிப் பூச்சியைக் காட்டுகிறான். ஆசிரியரோ சிரிப்பதற்கென்று அதைச் சன்னலில் தொங்கவிடப் போவதாகச் சொல்கிறார். தொடங்குபவரைக் கேலி செய்து கற்பிக்கும் வழக்கம் இக்கலையில் பழையதுதான்.

ஆற்றின்மேல் ஒரு குடில்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கற்பித்தலின் அடிப்படை மாறியது. ஆல்ஃபிரட் ரொனால்ட்ஸ் என்பவர் ஸ்டஃபர்ட்ஷயரில் பிளைத் ஆற்றின்மேல் ஒரு கண்காணிப்புக் குடில் கட்டினார். அதற்குள் மறைந்திருந்து ட்ரவுட் எதைத் தின்கிறது, எதைத் துப்புகிறது, எதற்கு அஞ்சுகிறது என்று பார்த்தார். நண்பர் ஒருவரை மறைவில் துப்பாக்கி வெடிக்கச் செய்தார், மீன்கள் அசையவில்லை. ஆனால் கரையில் ஓர் உருவம் தெரிந்தால் மறைந்தன. காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் ஒளி வளைவதால், மீனுக்கு மேலுலகம் ஒரு வட்டச் சன்னல் வழியாகவே தெரிகிறது என்பதைப் படம் வரைந்து விளக்கினார். குனிந்து நட, பேசுவதற்கு அஞ்சாதே என்பது தொடங்குபவருக்கு இதிலிருந்து கிடைத்த பாடம்.

1836-இல் வெளியான அவருடைய நூல், உண்மைப் பூச்சியையும் அதன் போலியையும் வண்ணப் படங்களாக அருகருகே காட்டியது. அறிவியல் பெயர்களையும் தந்தது. மேஃபிளை என்ற பூச்சி இத்தகைய நூல்களின் நாயகன். அதன் இளரி பல மாதங்கள் நீரடியில் வளரும். சிறகு முளைத்து வெளிவந்தபின் அதற்கு உண்ணும் வாய் கிடையாது. நம் மழைக்கால ஈசலைப் போல ஓரிரு நாளில் கூடி, முட்டையிட்டு, மடியும். எந்த நாளில் எந்தப் பூச்சி வெளிவருகிறதோ அந்நாளில் ட்ரவுட் அதையே நாடும். ரொனால்ட்ஸுக்குப் பின் தொடங்குபவர் பூச்சியியலையும் கற்க வேண்டியவரானார். இது இக்கலைக்குக் கிடைத்த பெரும் செல்வம் என்பதில் ஐயமில்லை. பலரை முதல் நாளிலேயே மிரட்டி விரட்டியதும் இதுதான்.

மாற்றுக் குரல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. எடின்பரோ வழக்கறிஞர் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857-இல் எழுதிய நூலில், சிலந்தி போன்ற எளிய போலிகள் மூன்று இருந்தாலே போதும் என்றார். மீன் ஓட்டத்தை எதிர்நோக்கி நிற்பதால், அதன் பின்புறமிருந்து ஆற்றை எதிர்த்து நடந்து வீசு. பூச்சியின் நிறத்தைவிட நீ நிற்கும் இடமே முக்கியம் என்பது அவர் கருத்து. என் மதிப்பீட்டில், அக்காலத் தொடக்கக்காரருக்கு மிக உதவியாக இருந்திருக்கக்கூடிய நூல் இதுவே.

மிதப்பதா, மூழ்குவதா

ஹாம்ப்ஷயரில் டெஸ்ட், இட்சன் என்ற ஆறுகள் சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறி வருபவை. நீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். மீன் கண்ணுக்குத் தெரியும். செல்வக் குடும்பத்தவரான ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட் 1886-இலும் 1889-இலும் வெளியிட்ட நூல்களில், இந்த ஆறுகளுக்கென்று ஒரு முறையை வகுத்தார். மீன் மேலெழுந்து பூச்சியைத் தின்பதைக் கண்ட பின்னரே வீச வேண்டும். அந்தப் பூச்சியின் துல்லியமான போலியையே பயன்படுத்த வேண்டும். அது நீர்மேல் மிதக்க வேண்டும். உலர்பூச்சி முறை எனப்படும் இது மிக நுட்பமானது. எண்ணெய் ஊட்டிய கனமான பட்டு நூல் அப்போது புழக்கத்துக்கு வந்திருந்ததால்தான், காற்றை எதிர்த்தும் இப்படி வீச முடிந்தது.

சிக்கல், முறை ஒழுக்கமாக மாறியதில் தொடங்கியது. மூழ்கும் பூச்சியைப் பயன்படுத்துவது பண்பாடற்ற செயல் என்ற எண்ணம் ஹால்ஃபோர்டின் அடியார்களிடையே வேரூன்றியது. இந்த ஆறுகளின் கரைகள் தனியாருக்கும் சங்கங்களுக்கும் உரியவை. அங்கு இடம் பெறவே பணமும் அறிமுகமும் வேண்டும். பெற்ற பின் விதியையும் பின்பற்ற வேண்டும்.

ஜி. இ. எம். ஸ்கியூஸ் என்ற வழக்கறிஞர் இதைக் கேள்வி கேட்டார். இட்சன் ஆற்றில் ஒருநாள், சரியாக மிதக்காத போலி ஒன்று நீருக்குள் அமிழ்ந்தபோது ட்ரவுட் அதை எடுத்ததைக் கண்டார். பிடித்த மீனின் வயிற்றிலிருந்து உணவை எடுத்து வெள்ளைத் தட்டில் நீர்விட்டுப் பரப்பிப் பார்த்தார். சிறகு முளைத்த பூச்சிகளைவிட, இன்னும் நீருக்குள் இருக்கும் இளரிகளையே மீன்கள் அதிகம் தின்றிருந்தன. 1910-இல் இதை நூலாக எழுதினார். ஹால்ஃபோர்ட் 1914-இல் இறந்த பின்னும் சர்ச்சை ஓயவில்லை. 1938-இல் லண்டன் ஈத்தூண்டில்காரர் கழகத்தில் இதற்கென்றே ஒரு விவாதம் நடந்தது. ஏறத்தாழ 80 வயதான ஸ்கியூஸ், அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தாம் மீன் பிடித்த நீரை அவ்வாண்டே விட்டு விலகினார். மீனின் வயிறு அவர் பக்கம் சாட்சி சொல்லியது. கரை உடைமைக்காரர்கள் அதைக் கேட்கும் மனநிலையில் இல்லை. ஆங்கிலேயச் சுண்ணாம்பு ஆறுகள் சிலவற்றில் உலர்பூச்சி மட்டுமே என்ற விதி இன்றும் உண்டு.

அமெரிக்காவில்: பெயர், எண், சொல்

அமெரிக்காவில் பொதுநீர் மிகுதி. அங்கு தொடங்குபவரின் துன்பம் வேறு: ஒரே பெயரில் பல பூச்சிகள், ஒரே பூச்சிக்குப் பல பெயர்கள். வெர்மான்ட்டில் தந்தையின் தூண்டில் நிறுவனத்தில் பெண் தொழிலாளர்களைக் கொண்டு பூச்சி கட்டும் பிரிவை நடத்திய மேரி ஆர்விஸ் மார்பரி, நாடு முழுவதுமுள்ள தூண்டில்காரர்களுக்குக் கடிதம் எழுதி அவர்களுடைய விருப்பப் பூச்சிகளைக் கேட்டறிந்தார். 1892-இல் அவர் வெளியிட்ட வண்ணப்பட நூலால் பெயர்கள் ஓரளவு நிலைபெற்றன. கடைக்குக் கடிதம் எழுதிப் பெயரைச் சொல்லி வாங்கக்கூடிய நிலை அதன்பின் ஏற்பட்டது.

கருவிகளும் எளிதாயின. பிளந்த மூங்கில் பட்டைகளை ஒட்டிக் கோல் செய்யும் முறை 1840களில் பென்சில்வேனியாவில் தொடங்கியது. அதற்குத் தொடக்கத்தில் பயன்பட்ட மூங்கில், கொல்கத்தாத் துறைமுகம் வழியாக இந்தியாவிலிருந்து சென்றதாகும். பின்னர் தென்சீன மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. பட்டு நூலை மிதக்கக் கொழுப்புத் தடவ வேண்டும், மாலையில் உலர்த்த வேண்டும், இல்லையேல் மட்கிவிடும். நுனி இழையோ பட்டுப்புழுவின் பட்டுச்சுரப்பியிலிருந்து இழுக்கப்பட்டது. ஊறவைக்காமல் முடிச்சிட்டால் முறியும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலானும் கண்ணாடி இழையும் பிவிசி பூசிய நூலும் இந்தச் சடங்குகளை ஒழித்தன.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தூண்டில் கருவி உற்பத்தியாளர் சங்கம் நூல்களுக்கு எண் வகுத்தது. முதல் 30 அடி நூலின் எடையே எண்ணைத் தீர்மானிக்கும். 5-ஆம் எண் நூலின் அப்பகுதி 140 கிரெயின், அதாவது ஏறத்தாழ 9 கிராம். கோலிலும் அதே எண் பொறிக்கப்படும். எண்ணுக்கு எண் பொருந்தினால் போதும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ட்ரவுட்டுக்காகத் தொடங்குபவருக்கு 9 அடி நீளமுள்ள 5-ஆம் எண் கோலைப் பரிந்துரைக்கும் வழக்கம் இதனால் வந்தது. இந்த எளிய எண் திறந்த கதவு, பல புகழ்பெற்ற நூல்கள் திறந்ததைவிட அகலமானது.

வீச்சைச் சொல்லில் விளக்கும் பணி ஜோன் வுல்ஃபுடையது. போட்டிகளில் ஆண்களோடு மோதி வென்ற இவர், 1960-இல் 161 அடி தொலைவு வீசியவர். 1970களின் இறுதியில் கணவர் லீ வுல்ஃபோடு கேட்ஸ்கில் மலைப்பகுதியில் பள்ளி தொடங்கினார். வீச்சின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் கொடுத்து 1987-இல் நூலாக்கினார். அதற்கு முன் ஆசிரியர் வீசிக் காட்டுவார், மாணவர் பார்த்துச் செய்வார்; எங்கே பிழை என்று சொல்லச் சொற்களே இல்லை.

கடைசியாக ஒரு திருப்பம். ஜப்பானிய மலையோடைகளில் உருளை இல்லாமல், கோல் நுனியில் நேரே நூலைக் கட்டி வீசும் டென்காரா என்ற பழைய முறை உண்டு. 2009-க்குப் பின் அமெரிக்காவில் இது பரவியது. கோல், நூல், பூச்சி ஆகிய மூன்றே போதும் என்பதால் தொடங்குபவர்கள் பலர் இதை நாடுகின்றனர். ஏலியன் கண்ட ஆறடிக் கோலும், நம் ஊர்ச் சிறுவன் கையிலுள்ள தூண்டில் கம்பும் இதன் உறவினர்களே.

நீலகிரி

தமிழ்நாட்டுக்கு இக்கலை ஆங்கிலேய அதிகாரிகளோடு வந்தது. மதராஸ் மாகாணக் குடிமைப்பணி அதிகாரி எச். எஸ். தாமஸ் 1873-இல் வெளியிட்ட 'தி ராட் இன் இந்தியா', இங்கு பணிக்கு வந்த ஆங்கிலேயருக்கான தொடக்கக் கையேடு. மஹ்சீர் என்ற கெண்டை இனப் பெருமீனே அதன் முதன்மைப் பொருள். நம் குளங்களில் தூண்டில் போடுவது பற்றி 1887-இல் தனி நூலும் எழுதினார்.

ட்ரவுட் இம்மலைகளுக்கு உரிய மீன் அன்று. மதராஸ் படை மருத்துவரும் மீனியல் அறிஞருமான ஃபிரான்சிஸ் டே 1863-இல் அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். முட்டைகளைக் குளிர் குன்றாமல் வெப்பக் கடலைத் தாண்டிக் கொண்டுவருவது அவ்வளவு கடினம். பனிக்கட்டியில் வைத்து டாஸ்மேனியாவுக்கு அனுப்பப்பட்ட முட்டைகள் 1864-இல்தான் உயிரோடு சேர்ந்தன. இலங்கையில் நுவரெலியாப் பகுதியில் 1880களில் ட்ரவுட் விடப்பட்டது. நீலகிரியில் எச். சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் 1907 அளவில் அமைத்த குஞ்சு பொரிப்பகத்தின் வழியே வட அமெரிக்காவின் வானவில் ட்ரவுட் நிலைபெற்றது.

மீன் நிலைபெறும் முன்பே சட்டம் வந்துவிட்டது. 1879-ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம், வேட்டையையும் மீன்பிடியையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. அளவற்ற வேட்டையைத் தடுத்தது அதன் நன்மை. தம் மலையின் ஓடையில் இறங்க உரிமம் வேண்டும் என்ற நிலையை உருவாக்கியதும் அதுவே. 1496-இன் அச்சாளர் நூலின் விலையால் செய்ய நினைத்ததை, இங்கே உரிமச்சீட்டு செய்தது.

அயல் மீனைக் குளிரோடைகளில் விடுவது அங்குள்ள சிறு மீன்களையும் தவளைகளையும் பாதிக்கக்கூடும் என்ற கவலை அக்கால ஆவலில் இடம்பெறவில்லை. இன்று உலகெங்கும் வானவில் ட்ரவுட் பற்றி எழும் முதல் கேள்வி அதுவே.

அவலாஞ்சியைச் சுற்றியுள்ள நீர்நிலைகள் காப்புக்காட்டுப் பகுதியில் இருப்பதால், அங்கு தூண்டிலோடு செல்ல விரும்புபவர் முதலில் வனத்துறையையும் மீன்வளத்துறையையும் அணுக வேண்டும். வீசிப் பழகுவதற்கு அனுமதியோ ஆறோ தேவையில்லை. ஒரு புல்வெளியும், கோல் நுனியின் நூலில் முள்ளுக்குப் பதிலாகக் கட்டிய சிவப்புக் கம்பளித் துண்டும் போதும்.